அப்பாவின் முன்னறிவிப்பும் கூக்கா அத்தையின் தமாலேயும்

அப்பா முன்கூட்டிச் சொல்லாமல் செய்த காரியம் ஒன்றே ஒன்று. இறந்தது.

மற்ற எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் செய்தார். வேலை அப்படி. நொகாலெஸ் எல்லையில், அரிசோனா பக்கத்தில், ஒரு சுங்கத் தரகர் அலுவலகத்தில் உணவு லாரிகளுக்கு முன்னறிவிப்பு எழுதினார். தெற்கே மெக்சிகோவிலிருந்து தக்காளியோ வெள்ளரியோ வருகிறது என்றால், லாரி எல்லை வாசலுக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு முன்பாவது அரசாங்கத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்ன சரக்கு, யார் விளைவித்தது, எங்கிருந்து, யாருக்கு, எந்த வாசல், எத்தனை மணி. இதற்கு முன் எந்த நாடாவது இதைத் திருப்பி அனுப்பியிருக்கிறதா. சொல்லாமல் வந்த சரக்கு உள்ளே வராது. வாசலில் நின்று அழுகும்.

அந்தச் சட்டம் வந்தபோது ஊரே திட்டியது. தரகர்கள் திட்டினார்கள், ஓட்டுநர்கள் திட்டினார்கள், தக்காளிக்கு வாய் இருந்தால் அதுவும் திட்டியிருக்கும். அப்பா மட்டும் சந்தோஷமாக இருந்தார். பிறந்ததிலிருந்து தன் மனதில் இருந்ததை யாரோ சட்டமாக எழுதிவிட்டதுபோல அவருக்கு இருந்தது.

அவர் பெயர் எவரிஸ்தோ போஹோர்கேஸ். குள்ளம், தொப்பை, சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா. ஒன்று எழுதாமல் போனால் இன்னொன்று எழுதப்போகிறது என்பதற்கு அதுவே முன்னறிவிப்பு.

சட்டத்தை அவர் அலுவலகத்திலேயே விட்டுவிட்டு வரவில்லை. சாயங்காலம் கடையிலிருந்து அம்மாவுக்குத் தொலைபேசி வரும்.

"ஒஃபெலியா, தர்பூசணி ஒண்ணு வருது. சோனோராவுல விளைஞ்சது. கொண்டு வர்றது நான். சமையலறைக் கதவு வழியா, ஆறு மணிக்கு."

"சரி, வாங்க."

"இதுக்கு முன்னாடி இதத் திருப்பி அனுப்பிருக்கியா?"

"தர்பூசணிய அனுப்பினதில்ல. உங்களத்தான் அனுப்பலாமான்னு யோசிக்கறேன்."

ஆறு மணிக்கு முன்பே வந்துவிட்டால் இறங்க மாட்டார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, தர்பூசணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஜூன் மாத வெயில். அம்மா ஜன்னலைத் திறந்து கத்துவாள்.

"உள்ள வந்து தொலைங்க. வெந்துடப் போறீங்க."

"ஆறுன்னு சொல்லியாச்சு. இப்ப வந்தா சொன்னது பொய்யாயிடும்."

"சொன்னது எங்கிட்டதான். நானே மாத்திக்கறேன்."

"அப்படில்லாம் மாத்த முடியாது ஒஃபெலியா."

நான் டெரெக்கை முதல்முறை வீட்டுக்கு அழைத்து வந்தேன். டூசானில் என்னோடு படித்தவன். வெள்ளைக்காரப் பையன், பயந்த சுபாவம். அப்பா அவனை வாசலிலேயே நிறுத்தினார்.

"இதுக்கு முன்னாடி எங்கயாவது உன்னத் திருப்பி அனுப்பிருக்காங்களா?"

டெரெக் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

"ஒரு தடவ சார். ஃபீனிக்ஸ்ல. ஒரு பொண்ணோட அப்பா."

"காரணம்?"

"அப்ப வேலை இல்ல."

"இப்ப?"

"இருக்கு."

"அப்ப குறைய சரி பண்ணியாச்சு. உள்ள வா."

அந்தக் கேள்விக்கு உண்மையைச் சொன்னதால்தான் அவன் என் கணவன். பொய் சொல்லியிருந்தால் இன்னும் வாசலில் நின்றிருப்பான்.

நான் குளிர்பதனப் பொறியாளர். ஊரிலுள்ள கிடங்குகளில் எந்தக் காய் எந்தக் குளிரில் இருக்க வேண்டும் என்று பார்ப்பது என் வேலை. அப்பா உள்ளே விடுவார், நான் கெடாமல் வைப்பேன். இரவுச் சாப்பாட்டில் நாங்கள் பேசியதெல்லாம் குடைமிளகாயைப் பற்றித்தான். அது போதுமான பேச்சாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா, எல்லையை நடந்து கடப்பவர்களுக்கான நடைபாதை வாசல் வழியாகத் தெற்குப் பக்கம் போய் முடிவெட்டிக்கொண்டு வருவார். திரும்பும்போது வரிசையில் நிற்பவர்களின் பைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வருவார். யாரும் கேட்கமாட்டார்கள். அவரே சொல்வார்.

"அந்த மாதுளை போகாது. பிடுங்கி அரைச்சுத் தூக்கிப் போட்டுடுவாங்க. இங்கயே சாப்பிட்டுடு."

"இவ்ளோவும் எப்படிங்க சாப்பிடறது?"

"குடு, உதவி பண்றேன். வயித்துக்குள்ள போனா அது சரக்கு இல்ல. அது நீதான்."

இதனால் அந்த வரிசையில் ஒரு வழக்கமே உண்டாகிவிட்டது. வாசல் நெருங்க நெருங்க எல்லாரும் வேகமாக மெல்வார்கள். அப்பா வயிறு நிறைந்துதான் வீட்டுக்கு வருவார். அம்மா செய்த மதியச் சாப்பாடு அப்படியே இருக்கும்.

அவருக்கு ஒரே அக்கா. கூக்கா அத்தை. தெற்குப் பக்கத்தில், எல்லைச் சுவர் தெரிகிற மேட்டுத் தெருவில் வீடு. அத்தையின் தமாலே ஊரில் பிரசித்தம். சோளமாவுக்குள் சிவப்பு மிளகாயில் வெந்த பன்றிக்கறி, நடுவில் கொட்டையோடு ஒரு ஆலிவ் காய், சோளத்தோலில் மடித்து அவித்தது. ஆலிவ் யாருக்குப் பல்லில் தட்டுகிறதோ அவர் அத்தையைத் திட்டுவார். பிறகு இன்னொன்று எடுப்பார்.

பன்றிக்கறி அந்த வாசலைத் தாண்டக் கூடாது. பச்சையாக இருந்தாலும் கூடாது, வெந்தாலும் கூடாது. விலங்கு நோய் வரும் என்று சட்டம். அத்தைக்கு அது சொந்த விஷயமாகப் பட்டது. "என் கையிலயா நோய் இருக்கு?" என்பாள்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அத்தை எங்கள் வீட்டுக்கு வரக் கிளம்பினாள். அப்பா அழைத்து வந்தார். நடைபாதை வாசலில் யெஸ்காஸ் என்ற அதிகாரி. அப்போது வேலைக்குப் புதிது, கன்னத்தில் பரு.

"சாப்பாடு ஏதாவது இருக்கா அம்மா?"

"ஒண்ணும் இல்ல தம்பி."

நல்ல குளிர். அத்தையின் கோட்டுக் கழுத்திலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

"உடம்பு சரியில்லையாம்மா?"

"சூட்டு உடம்பு. எங்க குடும்பமே அப்படித்தான்."

யெஸ்காஸ் நம்பிவிட்டார். கையை அசைத்துப் போகச் சொன்னார். அப்போதுதான் பக்கத்தில் நின்ற அப்பா தொண்டையைக் கனைத்தார்.

"காய்ச்சல் இல்ல, பன்றி. இடுப்பச் சுத்தி ரெண்டு டஜன். செஞ்சது எங்க அக்கா."

அத்தை தம்பியைப் பார்த்த பார்வையில் தமாலே இன்னொரு தடவை வெந்திருக்கும். கோட்டைக் கழற்றி எல்லாவற்றையும் மேசைமேல் வைத்துவிட்டு, தெற்குப் பக்கமே திரும்பி நடந்தாள். போகும்போது சொன்னாள்.

"என் தமாலே என்னைக்கு இந்த வாசலத் தாண்டுதோ அன்னைக்குத்தான் என் காலும் தாண்டும்."

அதன்பின் வரவே இல்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அப்பாதான் போனார். அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுவார்.

"வாடா, கோள்மூட்டி."

"கோள் இல்லக்கா. முன்னறிவிப்பு."

"நாங்க அதத்தான் கோள்னு சொல்றோம். எத்தன வேணும்?"

"சாப்பிட்டப்புறம் சொல்றேன்."

"இத மட்டும் அப்புறமா சொல்லுவான்."

மார்ச் மாதம், தக்காளி வரத்து உச்சத்தில் இருந்தபோது, அப்பா அலுவலக மேசையில் சாய்ந்துவிட்டார். திரையில் பாதி எழுதிய வெள்ளரிக்காய் லாரி. பக்கத்து மேசைக்காரர் அதை முடித்து அனுப்பினார். லாரி சொன்ன நேரத்துக்கு உள்ளே வந்தது. அப்பாவுக்கு அது பிடித்திருக்கும். எனக்கு அந்த வெள்ளரிக்காயின் மேல் இன்னும் கோபம் போகவில்லை.

அடக்கம் தெற்குப் பக்கம், குடும்பக் கல்லறையில். உடலை அங்கே கொண்டுபோவது ஏற்றுமதி. அதற்கு வேறு அலுவலகம், வேறு ஆட்கள். இதற்கு முன் எங்காவது திருப்பி அனுப்பியிருக்கிறார்களா என்று கேட்பார்கள், இல்லை என்று சொல்லலாம் என நின்றிருந்தேன். யாரும் கேட்கவில்லை.

கூக்கா அத்தை அழவில்லை. மண் போட்டுவிட்டுக் கையில் ஒட்டியதைத் தட்டினாள்.

"எல்லாத்தையும் சொன்னான். இதச் சொல்ல மட்டும் வாய் வரல."

ஒன்பது நாள் ஜெபமாலை எங்கள் வீட்டில் நடந்தது, அப்பாவின் படத்துக்கு முன்னால். பக்கத்து வீட்டு அம்மாள் தினமும் வந்து ஜெபம் சொன்னார். ஆனால் ஒன்பதாம் நாளை முடித்துவைப்பது எங்கள் குடும்பத்தில் மூத்தவள்தான். அதாவது அத்தை. மூத்தவள் முடித்துவைக்காவிட்டால் செத்தவர் அந்தப் பக்கமும் போகாமல் இந்தப் பக்கமும் வராமல் வாசலிலேயே நிற்பார் என்பார்கள். எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அப்பா வாசலில் நிற்பதை மட்டும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

எட்டாம் நாள் அம்மா தொலைபேசியை எடுத்தாள்.

"அண்ணி, நாளைக்கு நீங்க வந்துதான் முடிச்சுக் குடுக்கணும்."

"வரேனே. தமாலே வந்தா நானும் வரேன்."

"பன்றிக்கறி விடமாட்டாங்க அண்ணி."

"அப்ப நானும் வரமாட்டேன்."

"பன்றி இங்க வாங்கித் தரேன். இங்க வந்து செய்யுங்க."

"அந்தப் பக்கத்துப் பன்றி என் தம்பிக்கு ஒத்துக்காது."

"நாப்பது வருஷமா அதத்தானே சாப்பிட்டார்."

"அதான் செத்துட்டான்."

தொடர்பு துண்டிக்கப்பட்டது. அம்மா என்னைப் பார்த்தாள்.

"நீதான் படிச்சவ. ஏதாவது பண்ணு."

படித்தவள் யோசித்தேன். அத்தை வேண்டும். தமாலே இல்லாமல் அத்தை நகரமாட்டாள். தமாலே எல்லை தாண்டாது. சரக்கை மாற்ற முடியாது, சட்டத்தை மாற்ற முடியாது. மாற்ற முடிந்தது ஒன்றுதான், பாத்திரம்.

ஒன்பதாம் நாள் காலை அத்தை வீட்டுக்குப் போனேன். கறுப்பு உடையில் தயாராக இருந்தாள். அடுப்பில் குளிக்கிற தொட்டி அளவுக்கு ஒரு பானை.

"கொண்டு போகத்தான் வந்தியா?"

"ஆமா அத்தை."

"எப்படி? உங்கப்பன் இல்லன்னா சட்டமும் இல்லையா?"

"வயித்துக்குள்ள போனது சரக்கு இல்லன்னு அப்பா சொல்வாரே."

அத்தை பானையைப் பார்த்தாள், தன் வயிற்றைப் பார்த்தாள், என் வயிற்றையும் பார்த்தாள்.

"பத்தாதுடி."

"வரிசை பெருசு அத்தை. சனிக்கிழமை."

பானையை மூடினாள். பிறகு, "தலை வாரிட்டு வரேன்" என்று உள்ளே போனாள்.

பானையைக் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். வரிசை மருந்துக் கடையைத் தாண்டி நின்றது. அத்தை கடைசி ஆளிடமிருந்து தொடங்கினாள்.

"இந்தா, சாப்பிடு."

"என்னம்மா விசேஷம்?"

"என் தம்பி செத்துட்டான். பாத்துக் கடி, உள்ள கொட்டை இருக்கு."

"எந்தத் தம்பிம்மா?"

"இதே வரிசையில நின்னு ஊர்ப் பழத்தையெல்லாம் தின்னானே, அவன்."

"அட, மாதுளைக்காரரா. போயிட்டாரா?"

செய்தி தமாலேயைவிட வேகமாக முன்னால் போனது. தொப்பியைக் கழற்றினார்கள், ஒரு கையால் சிலுவை போட்டுக்கொண்டு மறு கையால் வாங்கினார்கள். ஆளுக்கு ஒரு கதை வைத்திருந்தார்கள். ஒரு தச்சர் வாய் நிறைய மாவோடு சொன்னார்.

"என் அன்னாசிய முக்கால்வாசி அவர்தாம்மா சாப்பிட்டார். போகாதுன்னு சொல்லி."

"போகாதுதானே" என்றாள் அத்தை.

"போகுமாம்மா. என் வீட்டுக்காரி அப்புறம் விசாரிச்சா. அன்னாசிய விட்டுடுவாங்களாம்."

அத்தை கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"அவனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?"

"எப்படித் தெரியாம இருக்கும்? அவர் தொழிலே அதுதானே."

அத்தையின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் கையைப் பிடித்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"திருட்டுப் பய" என்றாள். "யோலி, கேட்டியா? உங்கப்பன் பெரிய யோக்கியன்."

பானை காலியானது. கைவண்டியையும் பானையையும் மருந்துக் கடையில் விட்டோம். வாசலில் யெஸ்காஸ்தான் இருந்தார். பரு போய் நரைத்த மீசை வந்திருந்தது. பக்கத்தில் பிஸ்கட் என்ற மோப்ப நாய், நீளக் காது, பச்சைச் சட்டை. பன்றிக்கறி வாசனை வந்தால் அந்த ஆளின் முன்னால் உட்காரும். உட்கார்ந்தால் அதற்கு ஒரு தின்பண்டம் தர வேண்டும். அப்படித்தான் பழக்கியிருந்தார்கள்.

பிஸ்கட் முதல் ஆளின் முன் உட்கார்ந்தது. தின்பண்டம். அந்த ஆளின் பை காலி. அடுத்தவர் முன் உட்கார்ந்தது. தின்பண்டம். பை காலி. தச்சர் முன் உட்கார்ந்து, அவர் விரலை நக்கியும் பார்த்தது. பிறகு எழுந்திருக்கவே இல்லை. உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து அடுத்தவரிடம் போனது. எதற்கு எழுந்து எழுந்து உட்கார வேண்டும் என்று அதற்குப் புரிந்துவிட்டது.

யெஸ்காஸ் தின்பண்டப் பையைக் கவிழ்த்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"யோலி, என்ன இது?"

"எல்லாரும் சாப்பிட்டுட்டு வந்திருக்காங்க."

"எல்லாரும்னா?"

"வரிசை."

மூக்கை உயர்த்தி மோந்தார். "மிளகாய்ல பன்றி" என்றார். "உங்கப்பா இருந்தா இதுக்கு..." அதற்குமேல் சொல்லாமல் மீசையைத் தடவிக்கொண்டார்.

அத்தையின் முறை வந்தது. பிஸ்கட் அவள் முன் உட்காரவில்லை. பின்னங்காலில் நின்று, அவள் தலையையே அண்ணாந்து பார்த்தது. வாலை ஆட்டியது.

அத்தையின் கொண்டை கறுப்பு முக்காட்டுக்குள் வழக்கத்தைவிட ஒரு சாண் உயரமாக இருந்ததை நான் வரிசையிலேயே கவனித்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரு கோள்மூட்டி போதும்.

"சாப்பாடு ஏதாவது இருக்கா அம்மா?" என்றார் யெஸ்காஸ்.

அத்தை அவரைப் பார்த்தாள். நாயைப் பார்த்தாள். தன் வலது பக்கம், ஒருகாலத்தில் அப்பா நின்ற இடத்தைப் பார்த்தாள். அங்கே நான்தான் நின்றிருந்தேன்.

"முன்னாடியே சொல்லிடறேன்" என்றாள். "தமாலே. ஒண்ணு. பன்றிக்கறி, உள்ள ஒரு ஆலிவ். செஞ்சது நான். வர்றது என் அடுப்புலேர்ந்து. போறது என் தம்பிக்கு, அவன் படத்து முன்னாடி வைக்க."

"எங்க இருக்கு?"

"தலையில."

வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை. யெஸ்காஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அடுத்த கேள்வி நடைபாதை வாசலில் கேட்கிற கேள்வி இல்லை. லாரிகளுக்கானது. அப்பாவிடமிருந்துதான் கற்றிருக்க வேண்டும்.

"இதுக்கு முன்னாடி எங்கயாவது திருப்பி அனுப்பிருக்காங்களா?"

"ஒரு தடவ. இதே எடத்துல. அனுப்ப வெச்சவனும் அவன்தான்."

யெஸ்காஸ் தலையை ஆட்டினார்.

"இது உள்ள வராதும்மா."

"தெரியும்."

"நீங்களே சொல்லிட்டதால தப்பு ஒண்ணும் இல்ல. இங்க போட்டுடலாம். இல்லன்னா அந்தப் பக்கம் போய்ச் சாப்பிட்டுட்டு வரலாம்."

அத்தை திரும்பி நடந்தாள். எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று முக்காட்டை எடுத்தாள், கொண்டையை அவிழ்த்தாள், தமாலேயை எடுத்தாள். தலைச்சூட்டில் இன்னும் லேசாக வெதுவெதுப்பாக இருந்ததாம். சோளத்தோலைப் பிரித்தாள். முதல் வாய் போகும்போதே கண்ணீர் வந்துவிட்டது. நரைமுடி முகத்தில் விழ, மூக்கு ஒழுக, நின்றபடியே சாப்பிட்டாள். அப்பா அவள் அடுப்படியில் நின்று சாப்பிட்டதுபோல.

"மெதுவா சாப்பிடுங்கம்மா. நாங்க நிக்கறோம்" என்றார் தச்சர்.

பின்னாலிருந்து ஒரு குரல், "ஒரு வாய் மிச்சம் இருக்குமா?"

"இல்ல" என்றாள் அத்தை, அழுதுகொண்டே. "இது அவனோடது."

ஆலிவ் கொட்டையை உள்ளங்கையில் துப்பி, என்னிடம் நீட்டிக் காட்டினாள்.

"இது?"

"விதை அத்தை. அதையும் சொல்லணும்."

"உங்கப்பனேதான்டி நீ" என்று கொட்டையைத் தெற்குப் பக்கமே எறிந்தாள். பிஸ்கட் வந்து என் காலடியில் உட்கார்ந்தது. நானும் சாப்பிட்டிருந்தேன்.

மறுபடி வாசல்.

"சாப்பாடு ஏதாவது?"

"வயித்துல இருக்கு."

"அது நீங்கதான்" என்றார் யெஸ்காஸ். போகச் சொல்லிக் கையை அசைத்தார்.

அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அத்தை வருகிறாள், முன்வாசல் வழியாக, ஐந்து மணிக்கு. அதற்கு முன்பே வந்துவிட்டோம். வண்டியை வீட்டெதிரே நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தோம். ஏன் இறங்கவில்லை என்று அத்தை கேட்கவில்லை. அம்மா ஜன்னலைத் திறந்து எங்களைப் பார்த்தாள். எதுவும் கத்தாமல் மூடிக்கொண்டாள்.

ஐந்து மணிக்கு உள்ளே போனோம். படத்தின் முன் அம்மா ஒரு காலித் தட்டு வைத்திருந்தாள். அத்தை முழங்கால் போடுவதற்கு முன் படத்தருகே போனாள். மிளகாய்ச் சிவப்பு போகாத விரல்களை அப்பாவின் மூக்கருகே நீட்டினாள்.

"மோந்து பாருடா" என்றாள். "தாண்டிடுச்சு. போய்க் கோள் சொல்லு."

பிறகு அதே விரல்களால் சிலுவை போட்டுக்கொண்டு ஜெபமாலையின் முதல் மணியைப் பிடித்தாள்.